நீறு பூத்த நெருப்பா, ஆறிய சாம்பலா?

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கொடி ரெண்டாகத் தெரிகிறது என்று அக்கா முதலில் சொன்னது போன வருடம் ஆடி மாதம். மதுரையில் அந்த மாதம் ஈரச் சேலையை ஒற்றை ஆளாகக் கொடியில் போட முடியாது, காற்று அப்படி அடிக்கும். "காத்துல கொடி ஆடுது, அதான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். காற்றில் ஆடும் கொடி மங்கலாகத்தான் தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டும் தெளிவாக, ரெண்டு கொடியாகத் தெரியாது. பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள் நான். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்த வருத்தம்தான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

அதற்கு நாலு மாதம் முன்பு, பங்குனியில், அக்காவுக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று தெரிந்திருந்தது. ஏழு கிலோ இறங்கியிருந்தாள். காபி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கும், படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். நியோமெர்கசோல் மாத்திரை கொடுத்தார்கள். ரெண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தில் தைராய்டு அளவு சீராகிவிட்டது, நடுக்கம் போய்விட்டது, பழைய ரவிக்கைகள் மறுபடி பொருந்தின. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கண் மட்டும் தனியாகத் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

காலையில் எழுந்தால் இமை உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடியும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஒவ்வாமை என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், மூன்று மாதம் விட்டாள். மேல் இமை மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டு வந்தது. கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய ஆரம்பித்தால் முகத்தின் பாவமே மாறிவிடும். அக்கா வேலை பார்ப்பது ஒரு கூட்டுறவு சங்கத்தில், கவுன்ட்டருக்குப் பின்னால். "என்னம்மா, கேட்டதுக்கு இப்படி மொறைக்கிற?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டாராம். அன்றைக்கு ராத்திரி அவள் அழுததை நான் பார்த்தேன். யாரையும் கடிந்து பேசாத பெண்ணின் முகத்தில் ஒரு நோய் வந்து கோபத்தை எழுதிவிட்டுப் போகிறது. அதற்கு அவள் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணை மறைக்கத்தான் மையைத் தடிமனாக இட ஆரம்பித்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடி.

ரெண்டாகத் தெரிகிறது என்று மறுபடி மறுபடி சொன்னபிறகு ஆவணியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். "எல்லாம் நார்மல்" என்று அறிக்கை வந்தது. திடீரென்று இரட்டைப் பார்வை வந்தால் மூளையைப் பார்ப்பது சரியான காரியம்தான். ஆனால் அந்த நார்மல் என்ற சொல்லை நாங்கள் கண்ணுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ரத்தமும் நார்மல், ஸ்கேனும் நார்மல், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டோம். மிச்சமிருந்த ஆவணியும் புரட்டாசியில் பாதியும் அப்படிப் போயின.

கடைசியில் கண் மருத்துவமனையில் ஆர்பிட், அதாவது கண்குழிப் பிரிவு டாக்டர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் முதலில் கேட்டது பழைய போட்டோ. அக்காவின் கல்யாண ஆல்பத்தில் ஒன்று என் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு, "உங்க கண்ணு இயல்பாவே பெரிய கண்ணு இல்ல. இது வந்தது" என்றார். இவ்வளவு நாள் அப்படி யாரும் அக்காவிடம் சொன்னதில்லை. பிறகு ஹெர்டெல் என்ற சின்னக் கருவியை இரண்டு கண்ணின் வெளியோர எலும்பிலும் பொருத்தி, பக்கக் கண்ணாடியில் அளவு பார்த்தார். வலது 22 மில்லிமீட்டர், இடது 19. இரண்டுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை லேசாக விட மாட்டார்களாம்.

அடுத்து மதிப்பெண் போட்டார். கண்ணுக்குப் பின்னால் தானாக வலி உண்டா, மேலே கீழே பார்க்கும்போது வலி உண்டா, இமை சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வெள்ளை விழி சிவந்திருக்கிறதா, அதன்மேல் தோல் நீர்கோத்திருக்கிறதா, மூக்கோரச் சதைத்துணுக்கு வீங்கியிருக்கிறதா என்று ஏழு கேள்வி. 1989இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வகுத்த முறை. ஏழில் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் நோய் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது என்று கணக்கு. அக்காவுக்கு வந்தது இரண்டு. இமை வீக்கம் ஒன்று, மேலே பார்த்தால் வலி ஒன்று.

"அப்ப ஒண்ணுமில்லையா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"மார்க் கம்மி. ஆனா உங்களுக்கு ரெண்டாத் தெரியறது மாசாமாசம் கூடிட்டே போகுது. வெளியில சிவக்காம, உள்ள மட்டும் வீங்கறவங்க உண்டு. நம்ம ஊர்ல நான் நிறையப் பார்க்கிறேன். வெளியிலிருந்து சொல்ல முடியல, உள்ள பார்த்துடலாம்" என்று சொல்லி ஆர்பிட்டுக்கு எம்ஆர்ஐ எழுதினார்.

நான் பழைய ஸ்கேன் சிடியை நீட்டினேன். திரையில் போட்டுப் பார்த்தார். "இது மூளைக்கு எடுத்தது. ஒவ்வொரு படமும் 5 மில்லிமீட்டர் கனத் துண்டு. நாம பார்க்க வேண்டிய தசையே 4 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதுவும் குறுக்குவாட்டு வெட்டு. இதுல அது எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு அந்த இடத்தில் தூக்கிவாரிப்போட்டது. எம்ஆர்ஐ எடுத்தாயிற்று என்பது பதிலே இல்லை. எந்த இடத்துக்கு, எவ்வளவு மெல்லிய துண்டாக, எந்தத் திசையில் வெட்டி எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தத் தைராய்டு கண் நோயைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தைராய்டு கெட்டதால் கண் கெட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. உடம்பின் காவல்படை தன் வீட்டையே தாக்குகிறது. அதே படை ஒரு பக்கம் தைராய்டை முடுக்கிவிடுகிறது, இன்னொரு பக்கம் கண்குழிக்குள் இருக்கிற இணைப்புத் திசு செல்களைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் ரத்தத்தில் தைராய்டு அளவு சீரானபிறகும் கண் தன்பாட்டுக்குப் போனது. அளவைச் சீராக வைத்துக்கொள்வது கண்ணுக்கும் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. தூண்டப்பட்ட செல்கள் ஹையலூரானிக் அமிலம் என்ற பசைப்பொருளைச் சுரக்கின்றன. அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஊறப்போட்ட வெந்தயம் தண்ணீர் குடித்து வழவழவென்று உப்புமே, அப்படி. கூடவே கொழுப்பும் பெருகுகிறது.

கண்குழி என்பது நான்கு பக்கமும் எலும்பு. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளளவு. கண், ஆறு தசை, பார்வை நரம்பு, கொழுப்பு எல்லாம் அதற்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஒரு டீஸ்பூன் அளவு கூடினால்கூடப் போக இடம் முன்பக்கம் மட்டும்தான். கண் பிதுங்குவது அதனால்தான். அந்தப் பிதுக்கம் ஒரு விதத்தில் பாதுகாப்பு. முன்னே வர வழியில்லாமல் உள்ளேயே நெருக்கினால், குழியின் கூம்பிய பின்முனையில் தசைகள் பார்வை நரம்பை நசுக்கிவிடும். அப்போது பார்வையே போகலாம், அவசரமாக மருத்துவம் செய்தாக வேண்டும். நிறம் வெளிறுவது அதன் முன்னடையாளம். டாக்டர் ஒரு சிவப்பு மூடியைக் காட்டி ஒவ்வொரு கண்ணாகக் கேட்டார். அதன்பிறகு அக்கா தினமும் குங்குமச் சிமிழைத் திறந்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, ரெண்டிலும் ஒரே சிவப்புதானா என்று பார்த்துக்கொள்வாள். இன்றைக்கும் செய்கிறாள். இந்த நோய் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கொடி ரெண்டாகத் தெரிந்ததற்கும் காரணம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே ஓடும் தசைதான் பெரும்பாலும் முதலில் வீங்குகிறது. அடுத்து மூக்குப் பக்கத் தசை. கீழ்த்தசை வீங்கி விறைத்தால் கண்ணைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே தூக்கும் தசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டைக் கயிற்றில் கட்டிய மாடு எவ்வளவு திமிறினாலும் கயிறு விட்ட தூரம்தானே போகும்? அக்காவின் வலது கண் ஓரளவுக்கு மேல் ஏறவில்லை, இடது ஏறியது. அண்ணாந்து பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு கொடி.

இனி முக்கியமான விஷயம். 1835இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ், 1840இல் ஜெர்மனியின் மெர்ஸபுர்க் நகரில் கார்ல் வான் பாஸிடோ என்று இந்த நோயை எழுதி வைத்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து பார்த்தே எழுதினார்கள். 1945இல் ரண்டில் என்ற மருத்துவர் இதன் போக்கை ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். முதலில் வேகமாக ஏறும், உச்சியில் கொஞ்ச காலம் நிற்கும், பிறகு மெல்ல இறங்கி ஓரிடத்தில் தங்கிவிடும். ஆரம்ப நிலைக்கு முழுசாகத் திரும்பாது. ஏறுகிற காலத்தில் உள்ளே அழற்சி, தண்ணீர், வீக்கம். அப்போது ஸ்டீராய்டு போன்ற மருந்து வேலை செய்யும். ஓய்ந்தபிறகு தசையில் நாரும் கொழுப்பும் படிந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு ஸ்டீராய்டு ஏற்றினாலும் சர்க்கரையும் எலும்புத் தேய்வும்தான் மிச்சம், கண்ணுக்கு ஒரு பலனும் இருக்காது. அந்தக் கட்டத்துக்கு அறுவை சிகிச்சைதான். மாற்றிச் செய்தாலும் ஆபத்து. கனன்றுகொண்டிருக்கும்போது தசையை அறுத்து நகர்த்தித் தைத்தால், ஆறு மாதத்தில் மறுபடி கண் வேறெங்கோ போய் நிற்கும்.

ஆக, உள்ளே இருப்பது நீறு பூத்த நெருப்பா, ஆறிய சாம்பலா என்று தெரிய வேண்டும். முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஸ்கேன் அன்று காலையில் அம்மா போன் செய்தாள். "தாலியைக் கழட்டச் சொல்லுவாங்களாம்ல? மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சத் துண்டைக் கட்டிக் கழுத்துல போட்டுட்டு அப்புறம் கழட்டச் சொல்லு." அப்படியே செய்தோம். ஸ்கேன் எடுக்கிற தம்பி நல்ல பையன். "தாலிச் செயின்ல ஊக்கு இருக்குதாக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். இருந்தது, நாலு. நம் வீட்டுப் பெண்கள் ஊக்கைக் கோத்து வைக்கிற இடமே அதுதானே! தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஊக்கு எஃகு, அது குண்டாகப் பாயும். ஆனாலும் தங்கம் மின்சாரம் கடத்தும் உலோகம், அதுவும் வளையமாகக் கிடப்பது. ரேடியோ அலை பட்டால் சூடேறலாம். அதனால் மெட்டி, தோடு, கொண்டை ஊசி எல்லாமே கழற்ற வேண்டும். மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கண்ணைப் பார்த்து, "மை வச்சிருக்கீங்களாக்கா? அதையும் துடைச்சிடணும்" என்றான். சில கண் மைகளில் இரும்பு ஆக்சைடு துகள் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்திலேயே படம் எடுப்பதால் அந்தத் துகள் படத்தில் கறை மாதிரி விழும், சிலருக்குக் கண் எரிச்சலும் வரும். பையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. பஞ்சில் தொட்டு நான்தான் துடைத்துவிட்டேன். ஆறு மாதமாக அவள் மறைத்து வைத்திருந்த கண்ணை, மறைப்பு எதுவும் இல்லாமல், ஒரு குழல் விளக்கின் வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்போதுதான்.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் விருதுநகர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் இதே நோய், இதே கண், பார்க்க அக்காவைவிட அதிகப் பிதுக்கம். அவரை எம்ஆர்ஐக்குள் விடுவதற்கு முன் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். பட்டறையில் தெறித்த இரும்புப் பொடி கண்ணுக்குள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துவிடும், பார்வையே போகலாம். வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை செய்கிறவர்கள் யாரும் கேட்காவிட்டாலும் இதைத் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: பீடியை விடச் சொல்லி டாக்டர் ரொம்ப நாளாக மன்றாடுகிறாராம். புகை இந்த நோயை மோசமாக்குகிறது, மருந்தையும் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

என்னையும் சோதித்துவிட்டு அக்காவோடு உள்ளே உட்கார விட்டார்கள். தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள், காதில் பஞ்சடைப்பு, கையில் அழுத்திக் கூப்பிட ஒரு ரப்பர் பந்து. "கண்ணை மூடிட்டு, நேரா பாக்கிற மாதிரி அசைக்காம வச்சிருங்க. விழி அசைஞ்சா படம் கலங்கிடும்." அரை மணி நேரம் தடதடவென்று சத்தம். நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்டி இல்லாத விரல்.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நடத்துகிற பாடம் அன்றைக்கு என் கண்முன் நடந்தது. அந்த இயந்திரத்தின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். உடம்புத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் ஒரு பம்பரம். அந்தப் புலத்தில் பம்பரங்கள் வரிசைப்படுகின்றன. ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் சாய்ந்து, ஒரே தாளத்தில் சுற்றும், அந்தத் தாளத்தைத்தான் கருவி கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் தாளம் கலையும். கும்மியை நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியான முற்றத்தில் தோளும் தோளும் இடித்தால் சீக்கிரம் தாளம் தப்பும், திறந்த களத்தில் நெடுநேரம் நிற்கும். இறுகிய நல்ல தசையில் சில பத்து மில்லிசெகண்டில் தாளம் கலைந்துவிடுகிறது. தண்ணீர் கோத்த தசையில் அதிக நேரம் நிற்கிறது. இதற்கு டி2 நேரம் என்று பெயர். இது நீண்ட இடம் படத்தில் வெளிச்சமாக வரும். வீக்கத்தின் ஈரம் அப்படியே வெளிச்சமாக மாறுகிறது!

ஒரு சிக்கல் உண்டு. கண்குழி முழுக்கக் கொழுப்பு மெத்தை. சாதாரண டி2 படத்தில் கொழுப்பும் வெள்ளையாகவே தெரியும். வெள்ளைச் சுவரின்மேல் வெள்ளை வேட்டி. இதற்கு வழி கண்டவர்கள் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் வேலை பார்த்த கிரேம் பிடர், இயன் யங் ஆகியோர். 1985இல் அவர்கள் எழுதிய முறைக்கு ஸ்டிர் என்று பெயர். பம்பரங்களை முதலில் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு திசுவும் தன் வேகத்தில் நிமிர்ந்து எழும். கொழுப்பு சீக்கிரம் எழும். அது தலைகீழுக்கும் நிமிர்வுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் இல்லாத சுழியில் இருக்கிற கணத்தில், 1.5 டெஸ்லாவில் அது ஏறத்தாழ 150 முதல் 170 மில்லிசெகண்ட், அப்போது படமெடுத்தால் கொழுப்பு ஒன்றும் பேசாது. கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பில் ஈரமான தசை மட்டும் விளக்கு மாதிரி எரியும். கொழுப்பை அணைக்க வேறு முறைகளும் உண்டு. ஆனால் கீழ்த்தசைக்கு நேர்கீழே கன்னத்து எலும்பின் காற்றறை இருக்கிறது. காற்றுக்குப் பக்கத்தில் காந்தப்புலம் கோணிக்கொள்ளும், அங்கே மற்ற முறைகள் சில நேரம் தடுமாறும், ஸ்டிர் தாங்கும். பள்ளிக்கூடப் பாடம் ஒருத்தியின் கண்ணைக் காப்பாற்றப் பயன்படுகிற இடத்தை என்னால் அன்று பார்க்க முடிந்தது. இனி அந்தப் பாடத்தை நான் பழைய மாதிரி நடத்த மாட்டேன்.

மறுநாள் டாக்டர் திரையில் காட்டினார். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதுபோல முகத்தை முன்னிருந்து பின்னாக நறுக்கிய படங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் நடுவே பார்வை நரம்பு, அதைச் சுற்றி நாலு புள்ளி, நாலு தசை. இடது கண்ணில் நாலும் சாம்பல் நிறம், கீழது மட்டும் லேசாக வெளுத்திருந்தது. வலது கண்ணில் கீழ்ப்புள்ளி மற்றதைவிட ரெண்டு பங்கு பருத்து, வெள்ளை வெளேரென்று.

"எவ்வளவு வெள்ளைன்னு கண்ணால சொல்லக்கூடாது, ஒப்பிடணும்" என்று சொல்லி, நெற்றிப்பொட்டுத் தசையின்மேல் ஒரு வட்டம் வரைந்தார். நெற்றிப்பொட்டில் விரலை வைத்து முறுக்குக் கடித்துப் பாருங்கள், அசைகிறதே, அந்தத் தசை. அதை இந்த நோய் தொடுவதில்லை. கண் தசையின் வெளிச்சத்தை அதன் வெளிச்சத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். சில இடங்களில் மூளையின் வெண்பொருளோடு ஒப்பிடுவார்களாம். எல்லா ஊருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதனால் மறு ஸ்கேன் எடுத்தால் அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார். வேறு சிலவும் காட்டினார். தசையின் வயிறுதான் பருத்திருந்தது, கண்ணோடு ஒட்டுகிற தசைநாண் மெலிந்தே இருந்தது. தைராய்டு கண் நோயின் கையெழுத்து அது. தசைநாணும் சேர்ந்து வீங்கியிருந்தால் வேறு அழற்சி நோய்களை நினைக்க வேண்டும். பின்முனையில் நரம்பைச் சுற்றிக் கொழுப்பு வளையம் மீதமிருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் முகத்தில் வந்த நிம்மதியை நான் கவனித்தேன். நரம்பு நசுங்கவில்லை.

வெள்ளையாக இருந்தால் எல்லாம் அழற்சிதான் என்றும் சொல்லிவிட முடியாது. நெருக்கடியில் ரத்தம் வடிய வழியில்லாமல் தேங்கினாலும் தசை ஈரமாகும். எனவே படம், மதிப்பெண், மாதாமாதம் கூடுகிற இரட்டைப் பார்வை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்தார். உள்ளே நெருப்பு இருக்கிறது. மதிப்பெண் இரண்டு என்று விட்டிருந்தால் மருந்து வேலை செய்கிற காலம் கைவிட்டுப் போயிருக்கும்.

லேத் பட்டறைக்காரரை அன்றைக்கு மறுபடி பார்த்தேன். அவரே என்னிடம் தன் படத்தைக் காட்டினார். தசை பருமன்தான், ஆனால் ஸ்டிர் படத்தில் மங்கிக் கிடந்தது. இன்னொரு வகைப் படத்தில் தசைக்குள்ளே வெள்ளைக் கோடுகள், கொழுப்பு படிந்த தடம். ஆறு வருட நோய். அவருக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எலும்பைக் குறைத்து இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு சி.டி. ஸ்கேன் தனியாக எடுக்க வேண்டும். எலும்பைப் பார்க்க சி.டி., ஈரத்தைப் பார்க்க எம்ஆர்ஐ. ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஒரே நோய், போன வழி முற்றிலும் வேறு.

அக்காவுக்கு வாரம் ஒரு முறை மெத்தில்பிரெட்னிசலோன் சிரை வழியாக ஏற்றினார்கள். ஆறு வாரம் அரை கிராம், அடுத்த ஆறு வாரம் கால் கிராம், மொத்தம் நாலரை கிராம். யூகோகோ என்ற ஐரோப்பிய மருத்துவர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள அளவு அது. முன்னதாகக் கல்லீரல், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். தீபாவளி நடுவில் வந்தது. சர்க்கரை ஏறியிருந்ததால் அக்கா அதிரசத்தைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. ராத்திரியில் தூக்கம் வராது. முகம் வட்டமாக உப்பியது. டெப்ரோடுமுமாப் என்ற மருந்தைப் பற்றி யாரோ அவளுக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே ஒப்புதல் பெற்ற முதல் மருந்து, மூன்று வாரத்துக்கொன்றாக எட்டு ஊசி. டாக்டரிடம் கேட்டாள். "நல்ல மருந்துதான். விலை நம்ம கைக்கு எட்டாது. காது கேக்கிறதையும் சர்க்கரையையும் பாதிக்கலாம். உங்களுக்கு இப்ப இதுவே கேக்குது, பொறுமையா இருங்க" என்றார்.

பங்குனியில் அதே இயந்திரத்தில் மறு ஸ்கேன். அக்கா இந்த முறை மை இட்டுக்கொண்டே வரவில்லை. ஊக்குகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு வந்தாள். திரையில் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் போய், வலது கண்ணின் கீழ்ப்புள்ளியைத் தேடினாள்.

"அந்த வெள்ளை எங்கடி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

தசை இன்னும் கொஞ்சம் பருமன்தான். ஆனால் நிறம் நெற்றிப்பொட்டுத் தசைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. விகிதமும் இறங்கியிருந்தது. ஹெர்டெலில் வலது 21. ஒரே ஒரு மில்லிமீட்டர். அவள் எதிர்பார்த்தது அதைவிட அதிகம், முகம் வாடியது. பிதுக்கம் முழுசாக உள்ளே போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் இருந்தார். கேட்டதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் நடுவே நாள் பிடிக்கிறது. நேராகப் பார்க்கும்போதும் படிக்கும்போதும் இப்போது ஒன்றுதான் தெரிகிறது. அண்ணாந்தால் மட்டும் ரெண்டு. கண்ணாடியில் ஒரு சின்னப் பிரிசம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதம் அளவு மாறாமல் நின்றால் தசைக்கு அறுவை செய்யலாமா என்று பேசுவார்கள், இமையைச் சரிசெய்வது அதற்கும் பிறகு. அந்த வரிசையை மாற்றக்கூடாதாம்.

மறுபடி ஆடி வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். அதே காற்று. அத்தான் கொடியை ஒரு முழம் இறக்கிக் கட்டியிருக்கிறார், அக்காவின் கண் மட்டத்துக்கு. அவள் அண்ணாந்து பார்க்காமலேயே ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.